அண்டை நாடாக இருந்த மனைவி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை இல்லை, புத்தக மதிப்புரை. சரித்திரக்காரர் ஒருவரின் மூன்று தடித்த புத்தகங்களை ஒரு பத்திரிகை என் தலையில் கட்டியது. நம் நாட்டுக்கும் அண்டை நாட்டுக்கும் நடந்த சண்டைகள், சமரசங்கள் பற்றியவை. ஒவ்வொன்றும் ஊர் அறிந்த வரலாற்றைத் தலைகீழாகப் புரட்டியது. முதலாவது, சுட ஆரம்பித்தது நாம்தான் என்றது. இரண்டாவது, சமாதானத் தூது வந்ததை மூடி மறைத்தது நாம்தான் என்றது. மூன்றாவதில் அவர், நம் மேல் போட்ட பழி போதவில்லை என்று தன் முதல் புத்தகத்தையே மறுத்திருந்தார். அதிலும் ஜெயித்தது அண்டை நாடுதான்.

பாதிப் பேர் அவரை மேதை என்றார்கள். மீதிப் பேர், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவர் என்றார்கள். நான் மதில்மேல் பூனையாக உட்கார்ந்து, இன்னும் எவ்வளவு பாக்கி என்று பார்க்கக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நன்றியுரையில் ஒரு வரி: ‘அண்டை நாடாக இருந்து என்னை விடாமல் மடக்கிய என் மனைவிக்கு.’

மதிப்புரை அங்கேயே படுத்துவிட்டது. இனி வருவதெல்லாம் அந்த ஒரு வரியை வைத்து நான் இட்டுக்கட்டியது. அவர்களை நான் பார்த்ததுகூட இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘இரு தேசங்களின் விதி ஒரு சாப்பாட்டு மேஜையின் மீது—’

வேண்டாம். விதி என்று ஒருவன் தொடங்கினாலே எனக்குக் கொட்டாவி வரும்.

பிறகு: ‘சரித்திரக்காரருக்கு மனைவியிடம் பேசி ஜெயிக்கத் தெரியாது.’ இது பரவாயில்லை. ஆனால் எந்தக் கணவனைப் பற்றியும் இதைச் சொல்லலாம் என்பதால்—

சரி, நேராகவே விஷயத்துக்கு வருகிறேன்.

3

அவருடைய வேலைமுறை இது. ஓர் அத்தியாயம் எழுதுவதற்கு முன் அந்தப் பேச்சுவார்த்தையைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடத்திப் பார்ப்பார். ஜன்னல் பக்க நாற்காலி நம் நாடு, அதில் அவர். சமையலறைப் பக்க நாற்காலி அண்டை நாடு, அதில் மனைவி. அந்தத் தரப்பின் காகிதங்களை அவளிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவார்.

(அவளுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் புகார்ப் பிரிவு. பகல் முழுக்க ஊராரின் கோபத்தைக் கேட்டுக்கொண்டு கம்பெனி பக்கம் பேசுகிறவள். வீட்டுக்கு வந்து எதிர்ப்பக்கம் பேசக் கசக்குமா?)

ஆரம்பத்தில் அவள் காகிதத்தைப் படித்துக் காட்டுவதோடு சரி. போகப் போக ருசி கண்டுவிட்டாள்.

“உங்க ராணுவம் ஆத்தைத் தாண்டி வந்தது எதுக்கு?”

“பயிற்சிக்கு.”

“கூடாரமும் சமையல்காரங்களும் எதுக்கு வந்தாங்க? பயிற்சின்னா சாயங்காலம் வீட்டுக்குப் போயிருக்கணும்ல?”

அவர் காகிதங்களைப் புரட்டினார். பதில் அகப்படவில்லை. அத்தியாயம் அப்படியே எழுதப்பட்டது, நாடு கொந்தளித்தது.

இப்போது புரிகிறதா? அந்தப் புத்தகங்களின் புரட்சியெல்லாம் எந்தக் காப்பகத்தின் இருட்டு அறையிலிருந்தும் வரவில்லை. அவள் அவரைவிட நன்றாகப் பேசினாள், அவ்வளவுதான். ஒரு தடவையாவது நாற்காலி மாறி உட்கார்ந்து பார்க்கலாம் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

4

நான்காவது புத்தகம், மணல்திட்டுப் பேச்சுவார்த்தை பற்றியது. இரு நாடுகளுக்கும் நடுவே ஓடும் ஆற்றில் ஒரு மணல்திட்டு. அது யாருடையது என்று பேசப் போன இடத்தில், நம் தூதர் ஆவணக் கோப்பை மூடிவிட்டு எழுந்து வெளியேறினார். தலை வணங்காத தூதர் என்று பாடப்புத்தகத்தில் படத்தோடு போட்டார்கள். பின்னாலேயே போர் வந்தது. போன பையன்களில் பல பேர் திரும்பவில்லை. (திட்டு இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. சிரிப்பு மூட்ட இதைச் சேர்க்கவில்லை.)

அந்தத் தூதர், மனைவியின் அப்பா.

மகள் வீட்டு மாடியறையில் இருக்கிறார். என் முதல் பிரதியில் அவரைக் கொன்றிருந்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. திரும்பப் படித்தபோது எனக்கே அசிங்கமாகப் பட்டது. செத்தவரைப் புரட்டிப்போட்டு எழுதுவதில் என்ன வீரம்? எழுப்பிக் கொண்டுவந்து மாடியில் உட்காரவைத்தேன்.

“இந்தத் தடவை நான் உட்கார மாட்டேன்,” என்றாள் மனைவி.

“ஏன்?”

“அண்டை நாட்டுக்கு உடம்பு சரியில்லைன்னு வச்சுக்கோங்க.”

“விளையாடாதே. நீ பேசலேன்னா எனக்கு எழுத வராது.”

“நான் பேசினா அப்பா தோத்துடுவார்.”

“அவர் செஞ்சது சரின்னா நிக்கும்.”

“இதுவரைக்கும் உங்க நாற்காலியில எது நின்னிருக்கு?”

சரித்திரக்காரர் அதைத் தன் நேர்மைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது.

5

இந்த இடத்தில் இவளை நம்பலாமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பிரதியில் வேண்டுமென்றே சொதப்பினாள். அப்பா ஜெயித்தார், புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தது, எனக்கு வாய் கசந்தது. இன்னொன்றில் வழக்கம்போல வெளுத்துக் கட்டினாள். அப்பா பெட்டியைக் கட்டிக்கொண்டு—

எங்கே போவார் அந்த வயதில்?

இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தாள். அப்பாவைக் காப்பாற்றினால் திரும்பாத பையன்களுக்குத் துரோகம். காப்பாற்றாவிட்டால், எழுந்து போனதைத் தவிரப் பெருமைப்பட வேறொன்றும் இல்லாத மனிதரிடமிருந்து அதையும் பிடுங்கியதாகும். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவளை அங்கேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். எழுதுகிறவன் புத்தி அப்படி.

6

விடுமுறை நாள் காலை. கடைசியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். காகிதங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

(அப்பா இறங்கி வருவார் என்று நான் திட்டமிடவில்லை. சத்தியமாக.)

அவர் வந்து மகளின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எந்திரிம்மா. நான் உட்காரணும்.”

“அப்பா, இது அண்டை நாடு.”

“தெரியும். மாப்பிள்ளை, நீங்க எழுதுறவர், ஓரமா உட்காருங்க. அந்த நாற்காலியை இவளுக்குக் கொடுங்க.”

“மாமா, நீங்க உங்க பக்கமே பேசலாமே?”

“என் பக்கத்தைத்தான் பாடப்புத்தகமே பேசுதே. எதிர்ல உட்கார்ந்திருந்தவரு என்ன சொன்னாருன்னு யார் எழுதியிருக்கா?”

அந்த வீட்டில் முதல்முறையாக நாடுகள் இடம் மாறின. மகள் ஜன்னல் பக்கம் வந்தாள். வந்தவள் சளைக்கவில்லை. திட்டு நம் கரையிலிருந்து வளர்ந்தது, நம் ஆட்கள் வலை காயப்போட்ட இடம், வரைபடத்தில் பாருங்கள் என்று வரிசையாக எடுத்துவைத்தாள். சரித்திரக்காரருக்கு வியர்த்தது. தான் உட்கார்ந்தபோதெல்லாம் வாயடைத்துக் கிடந்த நாற்காலியில் இவ்வளவு நியாயம் இருந்ததா? மூன்று புத்தகங்களும் அலமாரியிலிருந்து அவரையே பார்த்தன.

கடைசியில் அந்த இடம் வந்தது. நடந்தது நடந்தபடி, அவள் ஆவணக் கோப்பை மூடினாள்.

அப்பா மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினார். எந்த ஆவணத்திலும் இல்லாததைச் சொன்னார்.

“இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்க. ரெண்டு பக்கமும் பிள்ளைங்க இருக்காங்க.”

சரித்திரக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அன்றைக்கு எதிரே இருந்தவர் சொன்ன இதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் அப்பா எழுந்து போயிருக்கிறார் என்பது மகளுக்குப் புரிந்தது.

7

வரலாற்றின்படி அவள் இப்போது எழுந்து வெளியே போகவேண்டும். போனால், அவர் செய்ததை அவளும் செய்தவளாவாள். அந்தப் பாரத்தில் பாதி அவள் தோளுக்கு வந்துவிடும். ஒருவேளை அவருக்கு அது ஆறுதலாக இருக்கலாம். போகாமல் இருந்தால், அன்றைக்கு உட்கார்ந்திருக்க முடியும் என்று அவர் கண்முன்னாலேயே காட்டியதாகும். அதை அவர் தாங்குவாரா?

இரண்டையும் எழுதினேன். இரண்டையும் கிழித்தேன். அவள் மேஜை விளிம்பைப் பற்றியிருக்கிறாள். எழுவதற்கா, எழாமல் இருப்பதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே நான் விலகிக்கொள்கிறேன். ஜன்னல் பக்க நாற்காலி உங்களுக்கு. உட்கார்ந்து, எதிரே பார்த்து, ஒரு முடிவுக்கு வாருங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள். அவருக்கு வயதாகிவிட்டது, வெகுநேரம் கையை நீட்டிக்கொண்டிருக்க முடியாது.