கையால் போட்ட இலக்கம்

மத்தியானம் ளுஹர் பாங்கு சொல்லி முடியவும் என் திரையில் அந்தச் சிவப்பு வரி வந்து நின்றது. ஒரே இலக்கம் இரண்டு நிரைகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதாம்: 786. தரவுத்தளம் எழும்ப மறுத்துவிட்டது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கொழும்பிலிருந்து ஸலாஹுதீன் சேர் வீடியோ இணைப்பில் வருவார். எங்கள் சின்னக் கம்பனியை வாங்குகிறவர் அவர்தான். கல்முனையில் புடவைக் கடைக்கு மேலே இருக்கும் இந்த அலுவலகத்தை மாத முடிவோடு மூடிவிட்டு, எங்களில் ஒரே ஒருவரை மட்டும் ஊரிலிருந்தே வேலை செய்ய வைத்துக்கொள்வாராம். மற்றவர்கள் கொழும்புக்குப் போகலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். எனக்குக் கொழும்பு சரிவராது. உம்மாவுக்கு இரண்டு கிட்னியும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்னை விட்டால் ஆளில்லை. அந்த ஒரு இடம் எனக்கு வேண்டும். காலையிலிருந்து இருப்புக்கொள்ளாமல் கதிரைக்கும் யன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கீழே பஸ்காரன் அக்கரைப்பற்று, அக்கரைப்பற்று என்று கத்துவதுகூட என்னைப் பார்த்துக் கத்துவது போலிருந்தது.

நாங்கள் செய்வது கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்குமான தரவுத்தளம். வெறுமையிலிருந்து அது முதன்முதல் எழும்பும் நேரம் பெரிய கூத்து. ஒவ்வொரு நிரைக்கும் இலக்கம் கொடுக்க உள்ளே ஓர் எண்ணி இருக்கிறது. ஆனால் அந்த எண்ணியே ஒரு நிரையில்தான் இருக்கிறது. அந்த நிரைக்கு யார் இலக்கம் கொடுப்பது? ஆகவே தரவுத்தளம் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் மூல அட்டவணைகளுக்கு மட்டும் நாங்கள் கையால் இலக்கம் போட்டுவிடுகிறோம். பத்தாயிரத்துக்குக் கீழே எங்கள் பொறுப்பு, அதற்கு மேலே அதன் பாடு. வாடிக்கையாளரின் டிஸ்க்கில் ஒருமுறை எழுதப்பட்ட இலக்கத்தைப் பிறகு தொடக் கூடாது. மற்ற நிரைகளெல்லாம் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆளுக்கொரு பிரதியில் தனித்தனியாக வேலை செய்கிறவர்கள் ஒரே இலக்கத்தில் கைவைத்துவிடாமலிருக்க ஒரு விதி உண்டு. எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடையில் இலக்கங்களைக் குலுக்கித் தர ஒரு குட்டி ப்ரோக்ராம் இருக்கிறது, அது தருவதை எடு, உன் ஆசைக்குப் போடாதே. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவளே நான்தான். எங்கள் மூன்று பேரின் வேலையையும் இன்றுதான் ஒன்றாகச் சேர்த்தேன்.

"றம்ஸீன் காக்கா! 786 போட்டது நீங்கதானே?"

அண்ணன் முறை வைத்து நாங்கள் காக்கா என்று கூப்பிடும் றம்ஸீன், கத்தாரில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, இனிப் போவதில்லை என்று பிள்ளைகளிடம் சத்தியம் பண்ணி வந்து சேர்ந்தவர். அவருக்கும் அந்த ஒரு இடம் வேண்டும்.

"ஓம், நான்தான். புது வேல தொடங்கக்குள்ள பிஸ்மில்லாஹ்வோட தொடங்குவம் எண்டு போட்ட. ஏன், மற்றது யாருட?"

"என்ட."

"அப்ப என்னத்துக்கு றுக்ஸானா என்னோட கத்துறாய்?"

எங்கள் ஊரில் கடைப் பலகை, லொறிக் கண்ணாடி, கல்யாணக் காட், எதை எடுத்தாலும் உச்சியில் பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக 786. கை தன்பாட்டில் போட்டுவிடுகிறது. அவருக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். இது விளங்கினாலும் கோபம் அடங்கவில்லை.

"உங்கடத மாத்துங்க."

"என்டத மாத்த ஏலா புள்ள. என்ட பிரதி போன பெரும்போக அறுவடையிலயிருந்து சம்மாந்துறை ஆலையில ஓடுது. உன்டது இன்னும் படியிறங்கல்ல."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எரிச்சலை மூட்டியது. அவருடைய இலக்கம் அல்லாஹ்வின் பரக்கத்தோடு இருக்கட்டும், என்னுடையது மட்டும் குலுக்கலில் போகட்டுமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். மூலையில் சுஜீபன் தலை நிமிர்த்தாமல் தட்டிக்கொண்டிருந்தான். திரைகளை வடிவமைப்பது அவன் வேலை. அந்த இடத்துக்கு அவன் பெயரை யாரும் யோசித்ததே இல்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு குலுக்கலை ஓட்டினேன். 8413 வந்தது. எந்த அழகுமில்லாத இலக்கம். போட்டேன். தரவுத்தளம் எழும்பியது.

ஸலாஹுதீன் சேர் சொன்ன நேரத்துக்குத் திரையில் வந்தார். வெறுமையிலிருந்து அது எழும்புவதைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு, நான் நினைக்காத வேலையாக, கையால் போட்ட இலக்கங்களைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்தார்.

"புதுசா போட்டதெல்லாம் எட்டாயிரத்துக்கு மேல. இது மட்டும் என்ன 786? யார் போட்ட?"

"நான்தான் சேர்," என்றார் றம்ஸீன் காக்கா.

"விதி இருக்கே?"

"இருக்கு சேர்."

"சரி. நான் தேடினது விதிய மதிக்கிற ஒரு ஆள. அப்ப றுக்ஸானா இருக்கட்டும்."

முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். பிறகு காக்காவைப் பார்த்தேன். அவர் மேசையில் கிடந்த தொப்பியை எடுத்து மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். அவளும் போட்டாள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்தே தீர்த்திருப்பேன். மனுசன் சும்மா இருந்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைக்கவே பயமாக இருந்தது. நினைத்து முடிக்க முதலே வாய் திறந்துவிட்டது.

"சேர், அதுல 8413 எண்டு ஒண்டு இருக்கு. அதும் மத்தியானம் வரைக்கும் 786ஆத்தான் இருந்திச்சி. அது என்ட."

அவர் மறுபடியும் இலக்கங்களை மேலிருந்து கீழே பார்த்தார்.

"என்ட வாப்பாட கடைக் கதவிலயும் அந்த இலக்கம் இருக்கு," என்றார். "கதவுக்கு அது சரி. இதுக்குள்ள ரெண்டு பேரும் அதையே போட்டா ஆலைக்காரன்ட நெல்லுக் கணக்கு என்னாகும்? இந்த 8127, 9340 எல்லாம் யாருட?"

"சுஜீபன்ட சேர்."

"அப்ப சுஜீபன் இருக்கட்டும். கொஞ்சம் நில்லுங்க, ஒரு கோல் வருது."

அவர் திரையை விட்டு எழும்பிப் போனார். நான் மைக்கை மூடினேன். சுஜீபன் வெளிறிப்போய் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, இது நியாயமில்ல. நானும் முதல்ல 108தான் போடப் பாத்தன். அத முந்தியே யாரோ எடுத்திட்டாங்க. அதாலதான் குலுக்கினன்." மைக்கைத் திறக்கக் கை நீட்டினான். "சேர்ட்ட சொல்லிருவம்."

அவன் கையை எட்டிப் பிடித்தேன்.

"வாயப் பொத்து, அறுவானே! நீயும் சொன்னா இந்த ஒரு இடமும் கொழும்புக்குப் போயிரும்."

றம்ஸீன் காக்கா தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, ஓம் என்பது போல் தலையை ஆட்டினார். ஸலாஹுதீன் சேர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சுஜீபன் என்னமோ சொல்ல வந்த மாதிரி?"

நான் மைக்கைத் திறந்தேன்.

"ஒண்டுமில்ல சேர். அவருக்குச் சம்மதமாம்."