அப்புத்துரையின் சுருட்டும் பத்மாசனியின் தலையிடியும்

1

இந்தக் கதை முழுக்க என்னுடையதல்ல. கனகராயன்குளத்தில் பஸ் பழுதாகி நின்றபோது பக்கத்தில் இருந்த ஓர் அம்மா சொன்னார்: "அப்பாவுக்குச் சுருட்டுப் பத்தவைச்சுக் குடுத்துத்தான் தம்பி நானும் பழகினனான்." அவ்வளவுதான். பஸ் வெளிக்கிட்டதும் நித்திரையாகிவிட்டார். மிச்சம் என் கற்பனை. பிழையிருந்தால் பழியை என் தலையில் போடுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'இரணைமடுக் குளத்தில் பொழுது சாய்ந்துகொண்டிருந்த வேளை...' வேண்டாம். எல்லாக் கதையிலும் பொழுதுதான் சாய்கிறது.

இரண்டாவது: உருத்திரபுரம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. வயலிலிருந்து வரும் அப்புத்துரை முற்றத்தில் நின்றே குரல் கொடுப்பார். "பிள்ளை, சுருட்டு!" அவர் மகள் பத்மாசனிக்குப் பதினைந்து வயது. குசினி அடுப்புக் கொள்ளியில் சுருட்டைப் பிடித்து, பற்றிக்கொள்ளும்வரை தானே இழுத்து, கொண்டுவந்து கொடுப்பாள். அதைப் பழக்கம் என்று யாரும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை.

(ஓர் இழுப்பு இரண்டாகி, இரண்டு நாலாகி, சுருட்டு அப்பாவிடம் கொஞ்சம் கட்டையாகவே போய்ச் சேர்ந்தது என்பதை அடைப்புக்குள் வைக்கிறேன். அவளும் அப்படித்தான் வைத்திருந்தாள்.)

3

அப்புத்துரைக்கு இருமல் பிடித்தது. சுருட்டை விடாவிட்டால் நெஞ்சு தாங்காது என்றார் டொக்டர். மனிதர் ஒரே நாளில் விட்டார், ஊரே மெச்சியது. அன்றோடு பத்மாசனிக்கும் சுருட்டு நின்றது. அவளை மெச்ச ஆளில்லை.

தலையிடி. கொட்டாவி. தொட்டதற்கெல்லாம் கண்ணீர். "குமருக்குக் கண்ணூறு பட்டிட்டுது" என்று தாய் இராசமலர் செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். பத்மாசனி நினைத்தது வேறு: அப்பா இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை, அந்த ஏக்கம்தான் இது.

[இங்கே அவளைக் கெட்டிக்காரியாக்கிப் பார்த்தேன். 'புகையிலைக்கு நான் அடிமை...' வசனம் பாதியில் நின்றுவிட்டது. அந்தச் சொல் அவளிடம் இல்லை.]

4

அலுமாரிக்கு மேல் மறந்துபோன ஒரு சுருட்டு அவள் கண்ணில் பட்டது. அப்போதும் தனக்கென்று நினைக்கத் தெரியவில்லை, பாவம். பற்றவைத்து, ஆழமாக இழுத்து, அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"ஒண்டே ஒண்டு இழுங்கோ அப்பா. உங்களுக்கு ஆசையாயிருக்கும் எண்டு..."

அப்புத்துரையின் கை தானாகவே நீண்டு வாங்கிவிட்டது. பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தார். கிழமைக்கணக்கில் சுளித்திருந்த நெற்றி தெளிந்திருந்தது. அந்தத் தெளிவை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"தலையிடி விட்டிட்டுதோ?"

"ஓம் அப்பா. எப்பிடித் தெரியும்?"

"எனக்கு இன்னும் விடேல்லை." அவள் தலையைத் தடவினார். "இது கண்ணூறு இல்லைப் பிள்ளை. நான் தந்த வருத்தம்."

5

முடிவு ஒன்று: சுருட்டை மண்ணில் குத்தி அணைத்துவிட்டு, இருவரும் சேர்ந்தே பழக்கத்தை விடுகிறார்கள். ஆசைதான், நம்பத்தான் முடியவில்லை.

முடிவு இரண்டு: அவர் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு அவளிடம்... மாட்டேன். இதை எழுத என் கை வராது.

பஸ்ஸில் அந்த அம்மாவிடம் புகையிலை மணந்ததா என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன்.

சுருட்டு இன்னும் அப்புத்துரையின் விரலிடையில் எரிகிறது. அவள் சுருட்டைப் பார்க்கிறாள். அவர் அவளைப் பார்க்கிறார். நெடுநேரம் அவரால் பிடித்திருக்க முடியாது. கையை நீட்டி நீங்கள் வாங்குங்கள்.