பாவாடையோடுதான் போவேன்

ஹாலந்திலிருந்து அழைப்பு வந்த அன்று வேளாண் துறையில் ஒரே கொண்டாட்டம். பனி பெய்தாலும் கருகாத உருளைக்கிழங்கைப் பற்றி உலக மாநாட்டில் பேச வேண்டும். பேசப் போகிறவள் தென் அமெரிக்க மலைமேட்டு நகரமான எல் ஆல்ட்டோவின் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியை பிரிமித்திவா கலிசாயா. எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். வில்பிரேதோ அராண்சிபியா மட்டும் வயிற்று வலிக்காரர் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

அவர் வேலை அப்படி. பல்கலைக்கழகத்திலிருந்து வெளிநாடு போகிறவர்கள் முழுசாய்ப் போய் முழுசாய்த் திரும்புவது அவர் பொறுப்பு. போன வருஷம் கால்நடைத் துறை ஆசிரியர் ஒருவர் ஊரில் வெற்றிலை போல மெல்லும் கோகா இலையை மறதியாய்ச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கி, ஒரு பகல் முழுக்க அந்நிய விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து யார் டிக்கெட் எடுத்தாலும் வில்பிரேதோ உடனே ஒரு எச்சரிக்கைப் பட்டியல் எழுதிவிடுவார்.

மறுநாளே பிரிமித்திவாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, கிழங்கு ஏதும் எடுத்துக்கிட்டுப் போகாதீங்க."

"வில்பிரேதோ ஐயா, பயிர்நோய் நாடு விட்டு நாடு பரவுறதைப் பத்தி பசங்களுக்குப் பாடம் எடுக்கிறவளே நான்தான். எனக்கேவா?"

"சரி, சரி. உங்க கம்ப்யூட்டரும் வேண்டாம். வேற ஒண்ணு தர்றேன். அதுல உங்க பேச்சு மட்டும் இருக்கும். வழியில யாராவது அடிச்சுட்டுப் போனா, உங்க ஆராய்ச்சி முழுக்கப் போயிடும்."

அது அவளுக்கு நியாயமாகவே பட்டது. வில்பிரேதோ தொண்டையைக் கனைத்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"இந்த உடுப்பு... வழியில மட்டும் ஒரு கால்சட்டை போட்டுக்கிட்டா சுலபமா இருக்கும்."

பிரிமித்திவா உடுத்துவது அந்த மேட்டுப் பழங்குடிப் பெண்களின் பொல்யேரா. அடுக்கடுக்காய் உள்பாவாடைகள், அவற்றின் மேல் மடிப்பு வைத்த அகலப் பாவாடை, தோளில் சால்வை, இரட்டைப் பின்னலுக்கு மேல் வட்டத் தொப்பி. பக்கத்துப் பெருநகரம் லா பாஸில் படிக்கச் சேர்ந்த புதிதில், "சாப்பாடு விக்கிறவங்க பின்வாசல்ல வாங்க" என்று கல்லூரிக் காவல்காரன் தடுத்தபோதும் இதைத்தான் உடுத்தியிருந்தாள். டாக்டர் பட்டம் வாங்க மேடையேறியபோதும் இதையேதான்.

"சுலபம் யாருக்கு?" என்றாள்.

"கோவிச்சுக்காதீங்க. எங்கம்மாவும் பொல்யேராக்காரிதான். வெக்கப்பட்டுச் சொல்லலை. அங்க தனியா நிறுத்திச் சோதிப்பாங்க. ரொம்ப நேரம் ஆகும்."

"நிக்கிறேன். ஜூலைக் குளிர்காலப் பனியில வயல்ல நின்ன காலு. பாவாடையோடுதான் போவேன்."

வில்பிரேதோ நாற்காலியை விட்டு எழுந்தார். "அப்ப ஒத்திகை பார்த்துடுவோம்," என்றார்.

நூலகக் காவலரிடம் உலோகம் கண்டுபிடிக்கும் கோலை இரவல் வாங்கி வந்து, துறையின் நடைவழியிலேயே ஒரு விமான நிலையத்தை உண்டாக்கினார். இரண்டு மேஜை, ஒரு பிளாஸ்டிக் தட்டு. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. சால்வை ஊசியில் கோல் கத்தியது. தொப்பி ஊசியில் கத்தியது. இடுப்பு முடிச்சில் மறந்துபோன சாவியிலும் கத்தியது.

"டாக்டரம்மா நடந்து போற இரும்புக்கடை!" என்று யாரோ கத்த, அவளே முதலில் சிரித்தாள்.

பிறகு வில்பிரேதோ பாவாடையின் உள்பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார். இழுத்தாள். தையல் ஓரத்திலிருந்து உலர்ந்த கோகாத் துணுக்குகள் பொலபொலவென்று தட்டில் விழுந்தன. கூட்டத்தின் சிரிப்பு நின்றது.

"இலைதானே," என்றாள் பிரிமித்திவா, குரல் இறங்கியிருந்தது.

"இங்க இலை. அங்க அது போதைப்பொருள், குத்தம்."

அன்று மாலையே எல்லாப் பாவாடைகளையும் உள்புறம் வெளியே திருப்பித் துவைத்தாள். எப்போதும் சாமான் வைத்து முதுகில் கட்டும் துணியை வீட்டிலேயே விட்டுவிட்டு, புதுப் பெட்டி வாங்கினாள். மினிபஸ் ஓட்டும் அவள் கணவன் எலியுத்தேரியோ, பெட்டியின் மூலைகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்து, "மந்திரி வந்தாக்கூட நம்ம வீட்டை இப்படிச் சுத்தம் பண்ண மாட்டோம்," என்றான்.

விமானம் மாற வேண்டிய ஐரோப்பிய நகரத்தில், வில்பிரேதோ சொன்னபடியே நடந்தது. வரிசையில் நூறு பேர் போக, அவளை மட்டும் ஓரம் கட்டினார்கள். நாய் வந்து பாவாடையைச் சுற்றிச் சுற்றி மோந்தது. அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நாய் தும்மிவிட்டுப் போய்விட்டது.

"தொப்பியை எடு. பாவாடையையும் சோதிக்கணும்," என்றான் அதிகாரி.

இதற்கும் ஒத்திகை பார்த்திருந்தாள். கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. "தனி அறை வேணும். பெண் அதிகாரி வேணும்," என்றாள் நிதானமாக.

வந்த பெண் இளையவள். ஒவ்வொரு அடுக்காய்த் தடவிப் பார்த்தாள். எங்கே தங்குகிறாய், யார் அழைத்தார்கள், எப்போது திரும்புகிறாய் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் தயாராய் இருந்தது.

"நடனக் குழுவா?"

"இல்லம்மா. பேராசிரியை. உருளைக்கிழங்கு ஆராய்ச்சி."

"அப்ப இந்த வேஷம்?"

"வேஷம் இல்ல. உடுப்பு. நீ இந்தச் சீருடையை வேலை முடிஞ்சதும் கழட்டிடுவ. நான் இதைக் கழட்டுறதில்ல."

அந்தப் பெண்ணின் காது சிவந்தது. தொப்பியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள்.

அதற்குள் அடுத்த விமானம் போய்விட்டிருந்தது. பிரிமித்திவா பெஞ்சில் உட்கார்ந்து வில்பிரேதோவைக் கூப்பிட்டாள். எல் ஆல்ட்டோவில் அப்போது காலை. முதல் மணியிலேயே எடுத்தார்.

"பிடிச்சு வச்சுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க. விமானம்தான் விட்டுட்டுப் போயிடுச்சு."

"அங்கயே இருங்க. வெளிய யாரு கூப்பிட்டாலும் போகாதீங்க. நான் பார்க்கிறேன்." அவர் கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. "கோபப்பட்டீங்களா?"

"எதுக்கு? கேள்வி கேட்டு அவங்கதான் களைச்சுப்போனாங்க."

சாயங்கால விமானத்தில் இடம் பிடித்துக் கொடுத்தார். மறுநாள் பிற்பகல் மாநாட்டு மண்டபத்தில் சாம்பலும் கறுப்புமாய்க் கோட்டுகள் நிறைந்திருந்தன. நடுவே மயில் கழுத்து நிறப் பாவாடை சரசரக்க அவள் மேடையேறினாள். பனியில் கருகிப்போன வயலையும், பக்கத்திலேயே பச்சையாய் நின்ற தன் வயலையும் திரையில் காட்டினாள். பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்த கிழவர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். பின்னால் மண்டபமே எழுந்தது. பிரிமித்திவா அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை.

வெளியே வந்ததும் எலியுத்தேரியோ அழைத்தான். பின்னால் ஏகப்பட்ட ஹாரன் சத்தம்.

"என்னய்யா அங்க கலவரம்?"

"நீ பேசறப்ப வண்டிய நடுரோட்ல நிறுத்திட்டேன், பிரிமி. போன்ல நேரலையில பார்த்துக்கிட்டிருந்தேன். பின்னாடி வண்டிக்காரனுங்க இறங்கிச் சண்டைக்கு வந்தானுங்க."

"ஐயோ, அப்புறம்?"

"அவனுங்களையும் உள்ள ஏத்திப் பார்க்க வச்சேன். என் பொண்டாட்டிடான்னு சொன்னேன்."