பதினேழாவது கேள்வி

1

இந்தக் கதை ஒரு நான்கு வரிச் செய்தியிலிருந்து வந்தது. காந்திபுரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் என் முறைக்காகக் காத்திருந்தபோது பழைய நாளிதழ் ஒன்றைப் புரட்டினேன். ராணுவ உயரதிகாரிகள் பயணம் செய்யச் சிறிய விமானங்களைக் குத்தகைக்கு எடுக்க அரசு டெண்டர் கோரியிருப்பதாக உள்பக்க மூலையில் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டத்தில் முட்டை விலை. படித்ததும் கண் கலங்கிவிட்டது.

வரவேற்பில் இருந்த பெண் பதறிவிட்டாள். "வலி ஜாஸ்திங்களாக்கா? உங்களையே முன்னாடி போகச் சொல்றேனுங்க."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மூன்று பேரைத் தாண்டி உள்ளே போனேன். ஆகவே, இந்தக் கதை பிறந்த இடத்திலேயே நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். வாசகர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "1995ஆம் ஆண்டு, பீளமேட்டு வானில் ஒரு வெள்ளைப் பறவை சிறகு விரித்து—"

வேண்டாம். விமானத்தைப் பறவை என்று எழுதுகிறவர் அதன் வயிற்றுக்கு அடியில் வழியும் எண்ணெயைத் துடைத்திருக்க மாட்டார்.

இரண்டாவது தொடக்கம்: "சத்தியசீலன் பொய்யே சொல்லாதவர்."

இதுவும் வேண்டாம். அவர் ஒரு பொய் சொன்னார். அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சரி, நேராகவே சொல்கிறேன். என் பெயர் இளவேனில். எனக்கு இருபத்துநான்கு வயதானபோது நொய்யல் ஏவியேஷன் என்ற சிறிய நிறுவனத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். (தேட வேண்டாம். பெயர் நான் வைத்தது.) முதலாளி பாலகோபால், நூற்பாலைக் குடும்பத்துக்காரர். ஆலை முதலாளிகள் காலையில் சென்னைக்குப் பறந்து போய் வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலம் திரும்புவார்கள் என்று நம்பி, இரண்டு இன்ஜின், எட்டு இருக்கை உள்ள பழைய விமானம் ஒன்றை வாங்கினார். நான்கு மாதம் பறந்தார்கள். பிறகு எல்லோரும் ரயிலுக்கே திரும்பிவிட்டார்கள்.

எங்கள் காவலாளி தம்பிதுரை அந்த விமானத்துக்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்தார். பைலட் உட்பட எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். மொத்தம் பதினான்கு பேர் இருந்தோம். விமானக் கொட்டகையின் ஒரு மூலையைத் தடுத்துத்தான் என் அறை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உள்ளே புகுந்தால் தாளெல்லாம் பறக்கும். கழற்றிப்போட்ட போல்ட்டுகளைத் தாள்மேல் வைப்பேன். அதனால் அந்தக் காலத்துக் கடிதங்கள் எல்லாவற்றிலும் வட்டவட்டமாக எண்ணெய்க் கறை இருக்கும். மதியம் இறக்கைக்கு அடியில் பாய் விரித்துச் சேர்ந்து சாப்பிடுவோம். சவாரி புக்கிங் பார்த்த சாஜிதா பேகம் கொண்டுவரும் நெய்ச்சோற்றுக்கு வரிசையே நிற்கும். பாலகோபால் பொள்ளாச்சித் தோப்பிலிருந்து இளநீர் கொண்டுவந்தால், அன்றைக்கு வேலை நடக்காது.

வெள்ளச்சி பறக்காத நாட்கள்தான் அதிகம். ஆனாலும் அந்த மூன்று வருடம் போல் பிறகு எனக்கு—

(இந்த வாக்கியத்தை முடித்தால் அழுகிற மாதிரி ஆகிவிடும். விட்டுவிடுகிறேன்.)

சத்தியசீலன் அங்கே இன்ஜினியர். விமானப்படையில் இருபது வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். ஞாயிறு காலை மனைவி சூசைமேரியோடு பூசைக்குப் போய்விட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு நேராக வெள்ளச்சியைப் பார்க்க வந்துவிடுவார். எந்தக் கருவியை எடுத்தாலும், வேலை முடிந்ததும் அதே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் பேசுவார். அதுவரை எதைக் கேட்டாலும் பதில் வராது.

3

1995 ஜூனில் எங்கள் காலத்திலும் அப்படி ஒரு ராணுவ டெண்டர் வந்தது. விமானம் வாங்குவதென்றால் கோப்பு நகர்ந்து முடியப் பல வருடமாகும். அதிகாரிக்கோ நாளைக்கே ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போயாக வேண்டும். அதனால் குத்தகை. தெற்கே இருக்கும் தளங்களுக்கிடையே உயரதிகாரிகளை ஏற்றிச் செல்ல, இரண்டு வருடத்துக்கு ஒரு சிறிய விமானம் வேண்டும் என்றது அறிவிப்பு. எங்களுக்கு அது கிடைக்காவிட்டால் வெள்ளச்சியை விற்பதைத் தவிர வழியில்லை என்று பாலகோபால் சொல்லிவிட்டார்.

படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். பதினேழாவது கேள்வி: இந்த விமானம் எப்போதாவது விபத்துக்கு உள்ளாகியோ, பலமாக மோதி இறங்கியோ இருக்கிறதா?

இருந்தது. 1993 நவம்பரில், தெற்கே ஓர் ஊரில் கொட்டும் மழையில் இறங்கியபோது பலமாக மோதி, இடது சக்கரத்தைத் தாங்கும் காலில் விரிசல் விட்டது. சத்தியசீலன் பத்தொன்பது நாள் அங்கேயே தங்கிச் சரிசெய்தார். சோதித்தவர்கள் பறக்க அனுமதி கொடுத்தார்கள். அதன்பிறகு ஒரு குறையும் இல்லை.

இனி வருவதை நான்கு முறை எழுதினேன். நான்கிலும் பாலகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "'நோ'ன்னு அடிச்சிருங்க அம்மணி" என்று சொல்கிறார். நான் பயந்துகொண்டே அடிக்கிறேன். வாசகருக்கு என்மேல் பரிதாபம் வருகிறது. கதையும் நன்றாகத்தான் இருந்தது.

அவர் அப்படிச் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். "யெஸ்னு போட்டாக் கவரைப் பிரிச்சதுமே தூக்கி ஓரமா வெச்சுருவாங்களோன்னு பயமா இருக்குதுங்க சத்தியசீலன்" என்றார்.

சத்தியசீலன் ஸ்பேனரை ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். "வெச்சாலும் வெக்கட்டுங்க சார். சரி பண்ணிப்போட்டோம்னு சொல்றது வேறங்க. நடக்கவே இல்லீன்னு சொல்றது வேறங்க. அதுல ஏறப்போறது மனுசங்க."

பாலகோபால், "நீங்க சொல்றதும் வாஸ்தவந்தானுங்க" என்றார். அவருக்கு வெள்ளகோவிலில் ஒரு கல்யாணம். எல்லாப் பக்கங்களிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு, "பாத்துப் போட்டு அனுப்பிச்சிருங்க அம்மணி" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சத்தியசீலன் அந்தப் பத்தொன்பது நாள் வேலையின் அறிக்கையை என் மேசைமேல் வைத்தார். "யெஸ் போட்டு இதையச் சேத்தி வெச்சுருங்க கண்ணு."

அறையில் நானும் டைப்ரைட்டரும் மட்டும். அப்போதுதான் ஊழியர் பட்டியலை அடித்து முடித்திருந்தேன். பதினான்கு பெயர்கள். வெளியே இறக்கைக்கு அடியில் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ எதற்கோ சிரித்தார்கள். நான் 'நோ' என்று அடித்தேன். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. அறிக்கையை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். கூரியர்க்காரர் நாலு மணிக்கு வந்து உறையை வாங்கிக்கொண்டு போனார்.

பதினான்கு பேரையும் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேனா? இருக்கலாம். வெள்ளச்சியை யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்ற ரோஷமா? அதுவும் இருக்கலாம். எந்தக் காரணத்தை எழுதினாலும் என்னைக் கொஞ்சம் அழகாகத்தான் காட்டுகிறது. அதனால் காரணம் எழுதப்போவதில்லை.

4

ஆகஸ்டில் ஆய்வுக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். தலைமை வகித்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், விமானப்படையில் விங் கமாண்டர். எங்களுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. தம்பிதுரை தரையைக் கழுவியிருந்தார். சாஜிதா பட்டுப்புடவையில் வந்திருந்தாள். விங் கமாண்டர் ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து பார்த்தார், கதவைப் பத்து முறை திறந்து மூடினார். கீழே இறங்கி வந்து கோப்பைப் பிரித்தார்.

"பதினேழுல 'நோ'ன்னு இருக்கு. பதினொரு வருஷத்து விமானம். ஒரு தடவைகூட மோதி இறங்கினதில்லையா?"

பாலகோபால் சத்தியசீலனைப் பார்த்தார். சத்தியசீலன் என்னைப் பார்த்தார். எங்களில் மற்றவர்களுக்கு என்ன பேச்சு என்றே தெரியவில்லை. சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்தது ஒரு நொடிதான் இருக்கும். பிறகு விங் கமாண்டரிடம் திரும்பி, "இறங்கியிருக்குதுங்க சார்" என்றார் சத்தியசீலன். "தொண்ணூத்திமூணு நவம்பர். இடது கால்ல விரிசல். நாந்தான் சரி பண்ணுனேன். ரிப்போர்ட் இருக்குதுங்க."

"அப்புறம் இது எப்படி 'நோ' ஆச்சு?"

"டைப்பிங்ல தப்பாயிருச்சுங்க சார்."

சத்தியசீலன் சொன்ன பொய் அதுதான்.*

நான் ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்து அறிக்கையை எடுத்துவந்தேன். விங் கமாண்டர் நின்றபடியே முழுவதையும் படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிப் பாலகோபாலிடம் கொடுத்துவிட்டு, மல்லாந்து படுத்து வெள்ளச்சிக்கு அடியில் நகர்ந்து போனார். வெளியே வந்தபோது முதுகெல்லாம் எண்ணெய். "வேலை சுத்தமா இருக்கு" என்றார். கோப்பில் என்னவோ எழுதினார். மூவரும் கிளம்பினார்கள்.

அன்று சாயங்காலம் வரை நான் காத்திருந்தேன். ஒருவராவது திட்டுவார்கள் என்று. பாலகோபால், "டீ சாப்புடுங்க அம்மணி, ஆறுது" என்றார். சத்தியசீலன் மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டு, "வாரேனுங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். அவ்வளவுதான்.

(* பொய்யா என்பதே எனக்கு இன்னும் சந்தேகம். டைப்பிங்கில் நடந்த தப்பு என்றுதானே சொன்னார்? வார்த்தைக்கு வார்த்தை அது உண்மைதான். யோசித்துத்தான் அந்தச் சொல்லை எடுத்தாரா, வாயில் வந்ததைச் சொன்னாரா, என்னை உண்மையிலேயே கவனக்குறைவான டைப்பிஸ்ட் என்று நம்பினாரா? முதல் வரைவில் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தேன். எதை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.)

5

அக்டோபரில் கடிதம் வந்தது. இரண்டு வரி. எங்கள் டெண்டர் ஏற்கப்படவில்லை. காரணம் எழுதவில்லை.

இந்த இடத்தில் கதையை மூன்று விதமாக முடிக்கலாம். அந்த இரண்டு எழுத்தால்தான் கைவிட்டுப்போனது என்று வைத்தால், பதினான்கு பேரின் வேலையையும் கெடுத்தவள் நான். வேறு நிறுவனத்தின் விமானம் புதியது, அதனால் போனது என்று வைத்தால், நான் செய்ததற்கு ஒரு பொருளுமே இல்லை. 'யெஸ்' என்றே அடித்திருந்தாலும் போயிருக்கும் என்று வைத்தால், இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம். மூன்றையும் வெவ்வேறு வருடங்களில் நம்பியிருக்கிறேன்.

1996 ஜனவரியில் வெள்ளச்சியை வடக்கே ஒரு நிறுவனம் வாங்கியது. சாஜிதா உக்கடத்தில் டிராவல்ஸ் கடை வைத்தாள். தம்பிதுரை அன்னூருக்கே திரும்பினார். பாலகோபால் ஆலையைப் பார்க்கப் போனார். கடைசிவரை அவர் யாரிடமும் அந்தத் தாளைப் பற்றிப் பேசவில்லை. சத்தியசீலன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தார். 2009இல் சூசைமேரியக்கா போன் செய்து, அவர் போய்விட்டார் என்று சொன்னார்கள். எனவே இனி அவரைக் கேட்க முடியாது.

6

அந்த ஜனவரியில், வெள்ளச்சியை ஒப்படைப்பதற்கு முந்தின நாள் காலை ஒரு சோதனைப் பறப்பு இருந்தது. பைலட்டோடு சத்தியசீலன் போக வேண்டும். படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி, "ஏறுங்க கண்ணு. மூணு வருசமாத் தாள்லயே ஓட்டிட்டு இருக்கறீங்க" என்றார்.

நான் அதுவரை விமானத்தில் போனதில்லை. ஓடினேன். ஒரு செருப்பு கழன்று படிக்குக் கீழே விழுந்தது. தம்பிதுரை அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டே டாட்டா காட்டினார்.

மேலே போனதும் ஊர் முழுவதும் தெரிந்தது. ஆலைப் புகைபோக்கிகள், சூலூர்க் குளம், தண்ணீர் குறைந்த நொய்யல், தெற்கே பொள்ளாச்சி வரை பச்சையாகத் தென்னை. இவ்வளவு சின்ன ஊரிலா இவ்வளவு பயந்தேன் என்று தோன்றியது. சத்தியசீலன் எதிர் இருக்கையில் உட்கார்ந்து, இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தார். அவர் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

முன்னால் குனிந்து சொன்னேன். "அண்ணா, அது தப்பா அடிச்சதில்லீங்க. தெரிஞ்சேதானுங்க அடிச்சேன். உங்க ரிப்போர்ட்டையும் நாந்தான் ஒளிச்சு வெச்சேன்."

இரண்டு இன்ஜின்களும் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி ஏதோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை. நானும் தலையை ஆட்டினேன்.

அவருக்குக் கேட்டது என்று ஒரு முடிவு எழுதினேன்: "தெரியுங் கண்ணு" என்கிறார். வெட்டிவிட்டேன். கேட்கவில்லை என்று இன்னொன்று: "அங்க பாருங்க, மருதமலை" என்கிறார். அதையும் வெட்டிவிட்டேன்.

தரையில் இறங்கிய பிறகு இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சுற்றிலும் அமைதியாகத்தான் இருந்தது. பக்கத்தில்தான் நின்றார். சொல்லவில்லை. இந்தக் கதையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த கடைசி விஷயம் இதுதான். மற்றதை, அவரையும் என்னையும் இவ்வளவு தூரம் பார்த்துவிட்ட நீங்களே முடிவு செய்யுங்கள். என்மேல் இரக்கப்பட்டு மட்டும் முடிவு செய்யாதீர்கள்.