வெளியே கட்டிய சுவர்

எனக்கு மூலைதான் பிடிக்கும். கறுப்பும் வெள்ளையுமாய்க் காய் வைத்து இடம் பிடிக்கும் கோ ஆட்டத்தில் மூலையில் காய் வைத்தால் இரண்டு பக்கமும் பலகையின் விளிம்பே காவல். நாலைந்து காயில் இடத்தை வளைத்து நமதாக்கிவிடலாம். வளைத்த இடம்தான் புள்ளி. என் வீட்டுக்காரன் அப்படியில்லை. மூலையை எதிராளிக்குத் தாரை வார்த்துவிட்டு, அதற்கு வெளியே நடுப்பலகையைப் பார்த்த மாதிரி காய்களைச் சுவராக அடுக்குவான். இடம் எங்கே என்று கேட்டால், "பின்னாடி உதவும்" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டிலும் இதே கதைதான். நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள், நிரந்தர வேலை. அவன் லிஃப்ட் மெக்கானிக். வேறு ஊரில் சொந்தமாகப் பட்டறை போடலாம் வா என்று கூட்டாளி கூப்பிடுகிறான். இவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். வேலையை விட்டுவிட்டு முன்பின் தெரியாத ஊரில் போய் நிற்பதா?

பேசித் தீராத சண்டையைப் பலகையில் தீர்ப்பது எங்கள் வழக்கம். அதிலும் மாற்றி ஆடவேண்டும்: அவன் ஆட்டத்தை நான், என் ஆட்டத்தை அவன். கல்யாணமான புதிதில் கிறுக்குத்தனமாக வைத்துக்கொண்ட விதி. இந்தத் தடவை நான் ஜெயித்தால் இங்கேயே இருப்போம், அவன் ஜெயித்தால் கிளம்புவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையை ஒதுக்கிப் பலகையை வைத்தோம். நான் கறுப்பு. அவன் வெள்ளைக் காயோடு ஒவ்வொரு மூலைக்குள்ளும் சட்டமாகப் புகுந்தான். நான் வெளியே சுவர் கட்டிக்கொண்டே போனேன். நாலு மூலையும் அவனுக்கு. எனக்கு? வெறும் சுவர். உள்ளங்கை வியர்த்துக் காய் வழுக்கியது. இந்த மனுஷன் இத்தனை வருஷமாக இந்த அவஸ்தையோடா ஆடினான் என்று அவன் மேலேயே கோபம் வந்தது.

நடுவில் அவன் காய்கள் ஏழெட்டு நுழைந்தன. என் சுவரைக் கலைக்கத்தான் வருகிறான். பயத்தில் நான் சுவரை ஒட்டியே வேலி போட ஆரம்பித்தேன். பத்துப் புள்ளியாவது கையில் நிற்கட்டுமே.

"ச்சே! சுவர் பக்கத்துலயே யாராவது வேலி போடுவாங்களா?" என்று அவன் மேசையைத் தட்டினான். "வந்தவனை அந்தச் சுவர்ல மோத விடு. அதுக்குத்தானே கட்டுனே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். தன் ஆட்டத்தை ஒருத்தி நாசம் பண்ணுவதைப் பார்த்துக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. தான்தான் எதிராளி என்பதே மறந்துபோயிற்று.

நான் வேலியை விட்டேன். சுவருக்கு எதிர்ப்பக்கத்தில் தள்ளி ஒரு காய் வைத்தேன். அவன் காய்கள் ஓடின, சுவரில் முட்டின, திரும்பின, மறுபடி முட்டின. நாலு பக்கமும் அடைபட்டு ஒன்றுகூடத் தப்பவில்லை. நாலு மூலையும் சேர்ந்து அந்த நடுவுக்கு ஈடாகவில்லை.

"ஜெயிச்சுட்டே, மூலைக்காரி" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். "வரலைன்னு கூட்டாளிகிட்ட சொல்லிடறேன்." போனை எடுத்தான்.

நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தது நான்தான், ஆனால் அவன் ஆட்டத்தை ஆடி. இங்கேயே இருக்க வேண்டும் என்றுதானே அதை ஆடினேன்? சந்தோஷம் வரவே இல்லை. எட்டிப் போனைப் பிடுங்கினேன்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"எனக்கு மட்டும் இல்லையா?" என்றான். "ஒவ்வொரு தடவை மூலையை விடும்போதும் எனக்குக் குடல் நடுங்கும். நீ கேட்டதே இல்லையே."

கேட்டதில்லைதான். பயமே இல்லாதவன் என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் சண்டை போட்டிருக்கிறேன். போனை அவனிடம் நீட்டினேன்.

"எப்ப வரணும்னு கேளு."