முன்னால் போன லாரி

பெட்டியை மேசைமேல் படுக்கவைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றியதும் என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவ்வளவு தூசி. கல்யாணத்துக்கு முன்பு நானும் தம்பியும் பாகம் பாகமாக வாங்கிக் கோத்த கேமிங் கம்ப்யூட்டர் அது.

"கடையில குடுத்துடலாமே?"

"மூக்குக்கண்ணாடிக் கடையில நான் மாட்டுற ஸ்க்ரூ இதுல கால்வாசி கூட இருக்காது. நீங்க டார்ச்ச மட்டும் ஆட்டாம பிடிங்க."

எனக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா யார் வீட்டில் இருப்பது என்று ஆரம்பித்த சண்டை. என் வீட்டில்தான் என்று இருவரும் மல்லுக்கு நின்றோம். "நீங்க கத்தி முடிங்க, நான் என் வீட்டுக்குப் போறேன்" என்று அப்பா எழுந்து போய்விட்டார். அவர் நிம்மதியாகத்தான் இருக்கிறார். நாங்கள்தான் முகம் பார்ப்பதில்லை.

ஆனால் ஞாயிறு சாயங்காலம் லாரி ஓட்டுவோம். அவரவர் வீட்டிலிருந்து இன்டர்நெட்டில் ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டுதான். சரக்கேற்றும் டிப்போ வாசலில் அவன் லாரி நிற்கும், நான் போய்ப் பக்கத்தில் நிறுத்துவேன். ஆளுக்கொரு ஹாரன். அவன் முன்னால், நான் பின்னால். மைக்கை இருவருமே அணைத்து வைத்திருப்போம். சண்டைக்குப் பிறகு அவன் ஆமை மாதிரிதான் ஓட்டுகிறான். வளைவு வந்தால் ஊர்ந்து போவான். பயந்தாங்கொள்ளி என்று நான் சிரித்துக்கொள்வேன்.

சண்டை நடந்த சமயத்தில்தான் அந்த விளையாட்டைப் புதுப்பித்தார்கள், என் பெட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. போன வாரம் பாலத்தின் நடுவில் திரை உறைந்து, எல்லாம் நின்றுபோனது. அவன் திரையில் என் லாரி அப்படியே மறைந்திருக்கும். கோபித்துக்கொண்டு போய்விட்டேன் என்றுதான் நினைத்திருப்பான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன், ஒரே ரத்தம். போன் போட்டுச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. இன்றும் போகாவிட்டால் அவன் டிப்போ வாசலில் நிற்பதையே விட்டுவிடுவான். அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

தூசியைத் துடைத்தேன். கூடுதல் மெமரிக்கான ராமைச் சொருகினேன். பழைய கிராபிக்ஸ் கார்டு இருந்த இடத்தில் புதியது 'டக்' என்று உட்கார்ந்தது. பவர் ஒயரைக் கொடுத்து, பின்பக்கம் எல்லா ஒயரையும் மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

விசிறிகள் சுற்றின. திரை கருப்பாகவே இருந்தது.

"சுத்துது, படந்தான் வரல" என்றார் அவர், எனக்குத் தெரியாதது போல.

"எனக்கும் கண்ணு இருக்கு."

ராமைக் கழற்றி மாட்டினேன். கார்டை அழுத்திப் பார்த்தேன். வெளியே வெயில் இறங்கிவிட்டது, தம்பி வரும் நேரம். அவசரத்தில் வேலை செய்தால் இருக்கிற கண்ணாடியும் உடையும் என்று கடையில் நானே எல்லோருக்கும் சொல்வேன். மூச்சை இழுத்துவிட்டு, டார்ச்சை வாங்கிப் பின்பக்கம் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. பழைய கார்டைக்கூட வாங்காத காலத்தில் மானிட்டர் ஒயரை மதர்போர்டில்தான் சொருகுவோம். கை அந்தப் பழைய இடத்துக்கே போயிருக்கிறது. பிடுங்கிப் புதுக் கார்டில் சொருகினேன். திரை வெளுத்தது.

"நான்தான் சொன்னேனே, படம் வரலன்னு" என்றார் அவர், தானே சரிசெய்தவர் போல.

டிப்போ வாசலில் அவன் லாரி நின்றது. முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹாரன் அடித்தேன். சற்றுப் பொறுத்து அவனும் அடித்தான். நான் கியரைப் போட்டேன்.

என் லாரி வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடியில் விழும் மழைத்துளிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் அடிக்கொரு தரம் பிரேக் போட வேண்டியிருந்தது. எதிரே ஈ காக்காய் இல்லாத சாலை, அவன் ஊர்ந்துகொண்டே போனான். பாலம் வந்ததும் ஓரங்கட்டி நின்றேவிட்டான். போன வாரம் நான் மறைந்த இடம்.

அப்போதுதான் புரிந்தது. அவனுக்குப் பயமும் இல்லை, ஒன்றும் இல்லை. என் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அவனும் சேர்ந்து மாட்டியதுதானே. இத்தனை நாளும் என் பெட்டி திணறாத வேகத்தில்தான் ஓட்டியிருக்கிறான்.

மைக்கைப் போட்டேன்.

"டேய், கிளம்புடா. வண்டிய சரி பண்ணிட்டேன்."

மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு அவன் லாரியின் பின்னால் எரிந்த சிவப்பு பிரேக் விளக்குகள் அணைந்தன. லாரி ஒரு குலுங்கு குலுங்கி, பாலத்தின் மேல் வேகமெடுத்தது.