எந்த இழுப்பு?

அம்மா மணியம்மாள் இறந்து நாற்பது நாள் கழித்துத்தான் எனக்கு லீவு கிடைத்தது. அம்மா பேரில் இருந்த பட்டாவை மாற்ற மனு கொடுக்க, தங்கை ஓவியாவும் நானும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும், "எங்கண்ணன் மிலிட்டரில டாக்டருங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். நான் டாக்டர் இல்லை, நர்சிங் அசிஸ்டென்ட். எத்தனை தடவை சொன்னாலும் அவள் காதில் ஏறாது.

மனுவைக் கொடுத்துவிட்டு எதிரே டீக்கடையில் நின்றோம். வடைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அப்படியே சரிந்தார். கூட வந்த மகள் அலறினாள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இழுக்குது, இழுக்குது! இரும்பு குடுங்க!"

ஒருவர் பைக் சாவியை அந்த அம்மாளின் கையில் திணித்தார். இன்னொருவர் சோடாவை உடைத்து வாயில் ஊற்றப் போனார்.

"ஊத்தாதய்யா! தள்ளிப் போ!" என்று கத்தினேன்.

வலிப்பு இல்லை அது. கழுத்தில் நாடி இல்லை. வாய் திறந்து, தாடை ஏறி, ஒரு மூச்சு இழுத்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பார்க்கிறவர்களுக்கு மூச்சு வருகிற மாதிரியே இருக்கும். இதயம் நின்ற பிறகும் உடம்பு கொஞ்ச நேரம் அப்படி இழுக்கும். பயிற்சிக்குப் போன புதிதில் நானும் அதில் ஏமாந்திருக்கிறேன்.

ஓவியாவை 108க்குப் போன் போடச் சொல்லிவிட்டு, மார்பு நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தேன்.

"எலும்பு ஒடைஞ்சிடப் போவுது சார்" என்றார் சாவிக்காரர்.

"ஒடையட்டும்."

உடைந்தது, கைக்குத் தெரிந்தது. நிறுத்தவில்லை. பதினோரு நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டாவது முறை ஷாக் கொடுத்ததும் என் விரலடியில் நாடி தட்டியது. மகள் ஆர்த்தி வண்டியில் ஏறும்முன் என் காலில் விழுந்தாள். "எங்கம்மாவ திருப்பிக் குடுத்துட்டீங்கண்ணா" என்று அழுதாள்.

வண்டி போனது. ஜனங்கள் என் முதுகில் தட்டினார்கள். ஓவியா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அம்மாவுக்கும் இப்டித்தாண்ணா இழுத்துச்சு."

அம்மா இறந்த அன்றைக்குப் போனில் அவள் சொன்னதும் அந்த ஒரு வார்த்தைதான். "அண்ணா, அம்மாவுக்கு இழுக்குது." அம்மாவுக்கு இருபது வருஷ ஆஸ்துமா. எங்கள் வீட்டில் இழுக்குது என்றால் வீசிங்தான், வேறு அர்த்தமே கிடையாது. "பதறாத, ஒக்கார வெச்சு பம்ப் அடி" என்றேன். கூப்பிட்டால் பேசுகிறார்களா, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று கேட்கவில்லை. புதிதாக வருகிற சிப்பாய்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பதே அந்த இரண்டு கேள்விதான். பெற்றவளுக்காக அதைக் கேட்கத் தோன்றவில்லையே எனக்கு, பாவி.

"நீ சொன்ன மாதிரியே சாஞ்சிடாம புடிச்சிக்கினே இருந்தேண்ணா. கை மரத்துப் போச்சு, அப்பவும் வுடல." சிவந்து கிடந்த என் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படுக்க வெச்சு அழுத்தியிருக்கணுமா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். வரவில்லை.

"ஆமா பாப்பா. ஆனா ஒம்மேல தப்பில்ல. நான்தான் கேக்கல."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பஸ் வருது, வா" என்றாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். வழியில் ஏறிய ஒரு அம்மாள், "கூட யாரும்மா?" என்று அவளிடம் கேட்டார்.

"எங்கண்ணன்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.